கூம்பு காய்த்த பக்கம் குருவி போகும்

அல்கான்குவின் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் முதல்முறை பறவை பார்க்கப் போகிறவர்களில் பலர் ஒரே குறையோடு திரும்பி வருகிறார்கள்: "ரெண்டு மணி நேரம் நடந்தோம், ஒரு குருவியைக்கூடக் காணோம்." என் முதல் டிசம்பரில் நானும் இதையேதான் சொன்னேன். அடுத்த முறை அதே பாதையில், அதே குளிரில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் அடியில் சும்மா நின்றேன். கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. பனிப்பூட்ஸுக்குள் விரல் மரத்துப் போகத் தொடங்கிய சமயத்தில் மெல்லிய ஒரு கீச்சொலி கேட்டது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலிருந்த கிளைகளில் ஏழெட்டுக் குருவிகள். ஒன்று தலைகீழாகத் தொங்கியது, ஒன்று பட்டையைக் கொத்தியது, ஒன்று ஊசியிலைகளின் நுனியில் படபடத்தது. ஐந்து நிமிடத்தில் அத்தனையும் அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று கடந்துபோய்விட்டன. மறுபடியும் அதே அமைதி.

பனிக்காட்டில் பறவைகள் இப்படித்தான் இருக்கும். கோடையில் காடெங்கும் பரவிக் கிடப்பவை, குளிர்காலத்தில் அங்கங்கே குவிந்து கிடக்கும். எங்கே குவியும் என்பதைச் சாப்பாடு தீர்மானிக்கிறது. தொடங்குகிறவர்கள் பறவைப் படங்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் அனுபவம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அல்கான்குவின், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. 1893இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். டொராண்டோவிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். பூங்காவின் தென்பகுதியை 60ஆம் எண் நெடுஞ்சாலை சுமார் 56 கிலோமீட்டர் தூரத்துக்கு ஊடுருவிப் போகிறது. மேற்கு நுழைவாயிலிலிருந்து கிலோமீட்டர் எண்ணுவது அங்கே வழக்கம். அதனால் பறவை பார்ப்பவர்கள் இடத்தின் பெயரைவிட எண்ணைத்தான் அதிகம் சொல்வார்கள். 42.5இல் ஸ்ப்ரூஸ் சதுப்பின் மேல் போடப்பட்ட மரப்பலகைப் பாதை. 43இல் பார்வையாளர் மையம். 46ஐத் தாண்டியதும் ஓபியோங்கோ ஏரிக்குப் பிரியும் சாலை. புதிதாகப் போகிறவருக்கு ஒரு நாள் முழுக்க இந்த மூன்று இடங்களே போதும்.

இந்தக் காட்டின் சிறப்பு, இது இரண்டு காடுகள் சந்திக்கும் இடம் என்பது. தெற்கே மேப்பிள் போன்ற இலையுதிர் மரங்களின் காடு. வடக்கே ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் நிறைந்த ஊசியிலைக் காடு. வடகாட்டுப் பறவைகளைப் பார்க்கப் பலநூறு மைல் வடக்கே போக வேண்டியதை, இங்கே ஒரு நாள் பயணத்தில் முடித்துக்கொள்ளலாம்.

கோடையில் இந்தப் பூங்காவின் அடையாளம் லூன் என்ற நீர்ப்பறவை. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் பொறித்திருப்பதும் அதைத்தான். ஏரி உறையும் முன்பே அது கடலோரத்துக்குக் கிளம்பிவிடும். நீர் உறைந்தால் மீன் பிடிக்க வழியில்லை. பூச்சி தின்னும் வார்ப்ளர்கள் அதற்கு முன்பே தெற்கே போயிருக்கும். இதிலிருந்து ஒன்றைக் கவனிக்கலாம். பறவையை விரட்டுவது பெரும்பாலும் குளிர் இல்லை, பட்டினி. வயிறு நிரம்பினால் எந்தக் குளிரையும் தாங்கும் உடல்வாகு சில குருவிகளுக்கு உண்டு.

நான் பார்த்த அந்தக் கூட்டத்தின் நடுநாயகம் கருந்தலைச் சிக்கடி. நம் ஊர்ப் பட்டாணிக்குருவிக்கு உறவு. தலை உச்சியும் தொண்டையும் கறுப்பு, கன்னம் வெள்ளை. எடை 11, 12 கிராம்தான். அது கூப்பிடும் ஒலியே அதன் பெயர்: "சிக்-அ-டீ-டீ-டீ". கடைசியில் வரும் 'டீ' எத்தனை முறை என்பதில் சேதி இருக்கிறது. ஆபத்து பெரிதாக இருந்தால் 'டீ' கூடும். தன்னை எளிதாகப் பிடித்துவிடக்கூடிய சின்ன ஆந்தையைக் கண்டால் பெரிய ஆந்தையைக் கண்டதைவிட அதிகமாக 'டீ' போடும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் வேற்றினப் பறவைகளும் அந்தச் சேதியைப் புரிந்துகொள்கின்றன.

அதனால்தான் கூட்டம் சேர்கிறது. சிக்கடிகளோடு பசையெடுப்பான்கள், சின்ன மரங்கொத்திகள், பட்டையோடு பட்டையாக ஒட்டி ஏறும் க்ரீப்பர், பொன்னுச்சிக் கிங்லெட் எல்லாம் ஒன்றாகத் திரியும். இதைக் கலப்புக் கூட்டம் என்று சொல்வார்கள். ஒருவர் தலைதூக்கிக் காவல் பார்த்தால் மற்றவர் தலைகுனிந்து தின்னலாம். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அதற்குள் இரவுக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும் என்னும்போது, காவலுக்குச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். மரத்துக்கு மரம் போட்டி இருக்காதா என்று கேட்கலாம். ஒருவர் கிளை நுனியில் தேடுகிறார், ஒருவர் பட்டை இடுக்கில் தேடுகிறார், ஒருவர் மரத்துக்குள்ளேயே தோண்டுகிறார். ஆளுக்கொரு பந்தி.

ஆகவே நடையைக் குறையுங்கள். சிக்கடியின் குரல் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கேட்ட திசையில் முதலில் தெரியும் குருவியோடு திருப்தி அடையாமல், கூட வந்திருப்பது யார் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கறுப்புக்குப் பதில் பழுப்புத் தலையோடு, தொண்டை கட்டியது போன்ற கரகரத்த, இழுத்த குரலில் ஒரு சிக்கடி இருந்தால் அது வடகாட்டுச் சிக்கடி. தெற்கே எளிதில் கிடைக்காத பறவை.

அந்தக் கூட்டத்தில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது கிங்லெட். எடை சுமார் 6 கிராம். லூன் பொறித்த அந்த ஒரு டாலர் நாணயத்தின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். லூன் போய்விட்ட காட்டில், அதன் நாணய எடையே உள்ள குருவி மைனஸ் 30 டிகிரியில் பூச்சி தேடிக்கொண்டிருக்கிறது! கிளைகளில் உறைந்து கிடக்கும் சிறிய அந்துப்பூச்சிப் புழுக்கள்தான் அதன் முக்கிய உணவு. இரவானால் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, இறகைப் பந்தாக உப்பிக்கொண்டு உறங்கும். சிக்கடியின் வழி வேறு. பொந்துக்குள் ஒண்டிக்கொண்டு, உடல் வெப்பத்தைப் பகலில் இருப்பதைவிடச் சுமார் 10 டிகிரி இறக்கிக்கொள்ளும். அடுப்பைத் தணித்து விறகை மிச்சம் பிடிக்கும் கணக்கு. விடியும்போது சேர்த்த கொழுப்பு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் குருவி அத்தனை பரபரப்பாக இருப்பதன் காரணம் இதுதான்.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். சில குளிர்காலங்களில் இந்தப் பூங்காவில் ஃபிஞ்ச் என்ற விதை தின்னும் குருவிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில், ஒன்றுகூட இருக்காது. வாத்தும் நாரையும் வலசை போவது போல நாள் தவறாத ஒழுங்கு இதில் கிடையாது. சந்தைக்குக் காய்கறி வரத்து இருப்பது போலத்தான் இது. விளைச்சலைப் பொறுத்து வரத்து.

விளைச்சல் என்று நான் சொல்வது கூம்புகளை. ஸ்ப்ரூஸ், பைன், ஹெம்லாக் மரங்களில் செதில் செதிலாக அடுக்கி, உள்ளே விதையை வைத்திருக்குமே, அந்தக் காய்கள். இந்த மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் பெயருக்குக் காய்க்கும். பிறகு ஓர் ஆண்டு, ஒரு வட்டாரத்தின் மரங்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல உச்சி வளையும் அளவுக்குக் காய்த்துத் தள்ளும். மரத்துக்கு இதில் ஆதாயம் உண்டு. ஆண்டுதோறும் சீராகக் காய்த்தால் அணிலும் குருவியும் அதற்கேற்பப் பெருகி மொத்த விதையையும் தின்றுவிடும். பல ஆண்டு பட்டினி போட்டுவிட்டு ஒரே ஆண்டில் கொட்டினால், தின்றது போக மிச்சம் முளைக்கும்.

இந்தச் சூதாட்டத்தோடு வாழப் பழகிய பறவைகள்தான் குளிர்கால ஃபிஞ்ச்கள். வடக்கே விளைச்சல் பொய்த்தால் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கும். வடக்கே நிறைந்திருந்தால் அங்கேயே தங்கிவிடும். அல்கான்குவினிலேயே காய்த்துக் குலுங்கினால் எங்கிருந்தோ தேடி வந்து இங்கே கூடும். அதனால் "இந்த ஆண்டு என்ன பறவை வரும்?" என்ற கேள்விக்கு விடை மரத்தின் உச்சியில் இருக்கிறது. ஒன்டாரியோவில் ரான் பிட்டவே என்ற பறவையியலாளர் 1999இல் தொடங்கி, ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எந்த மரம் எங்கே காய்த்திருக்கிறது என்ற தகவல்களைத் திரட்டி, எந்த ஃபிஞ்ச் எங்கே போகும் என்று முன்கணிப்பு வெளியிட்டுவந்தார். 2020 முதல் அதை டைலர் ஹோர் தொடர்கிறார். பூங்காவுக்குக் கிளம்பும் முன் அந்த ஆண்டின் கணிப்பைப் படித்துவிட்டுப் போனால், எந்த மரத்தைப் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

பறவைக்கு ஒரு மரம் என்று நினைவில் வைப்பது எளிது. ரெட்போல் பிர்ச் மரத்துக்கும் ஆல்டருக்கும் உரியது. தூள் போன்ற அந்தச் சின்ன விதைகளை அவசரமாகத் தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு, பத்திரமான மறைவிடத்துக்குப் போய் நிதானமாக உரித்துத் தின்னும். நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்தது போலச் சிவப்பு. முன்பு மூன்று இனங்களாகப் பிரித்திருந்த ரெட்போல்களை 2024இல் அமெரிக்கப் பறவையியல் சங்கம் ஒரே இனமாக்கிவிட்டது. பழைய கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் குழம்ப வேண்டாம். பைன் குரோஸ்பீக் பெயரில்தான் பைன். அதைத் தேட வேண்டிய இடம் மலைச்சாம்பல் மரத்தின் ஆரஞ்சுப் பழக்கொத்து. அத்தனை சாதுவான பறவை, பத்தடி தூரத்தில் நின்றாலும் தன் பாட்டுக்குப் பழத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

ஸ்ப்ரூஸுக்கு உரியது கிராஸ்பில். குறுக்கலகன் என்று சொன்னால் பொருந்தும். அதை அருகில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. மரப்பலகைப் பாதைக்குப் பக்கத்தில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு கிளை கூம்புகளின் பாரத்தில் தாழ்ந்திருந்தது. அதில் வெள்ளைச் சிறகுப் பட்டையுடன் ரோஜா நிற ஆண் கிராஸ்பில் ஒன்று கிளி போல அலகாலும் காலாலும் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலலகும் கீழலகும் நுனியில் ஒன்றையொன்று தாண்டி, கத்தரிக்கோல் முனை மாதிரி விலகி நின்றன. அலகைக் கொஞ்சம் திறந்து செதிலுக்கு அடியில் சொருகியது. பிறகு கீழலகைப் பக்கவாட்டில் தள்ளியது. செதில் நெம்பித் திறந்துகொண்டது. நாக்கு உள்ளே போய் விதையோடு வெளியே வந்தது. விதையின் மெல்லிய இறகு மட்டும் பிரிந்து சுழன்று கீழே இறங்கியது. ஒரு விதைக்கு இரண்டு மூன்று நொடிதான். கீழே பார்த்தால் பனியின் மேல் பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான விதை இறகுகள். அன்றிலிருந்து நான் அண்ணாந்து பார்ப்பதற்கு முன் பனித்தரையைப் பார்க்கிறேன். மரத்தடியில் புதிதாகச் செதிலும் இறகும் சிந்தியிருந்தால் மேலே யாரோ இருக்கிறார்கள், அல்லது சற்று முன் இருந்தார்கள்.

ஒரு வெள்ளைச் சிறகுக் கிராஸ்பில் ஒரு நாளில் 3,000 விதைகள் வரை தின்னக்கூடும். விதை தாராளமாகக் கிடைத்தால் ஜனவரிப் பனியிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வசந்தம் வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. விதை இருக்கும் காலம்தான் அதற்கு வசந்தம்.

ஃபிஞ்ச்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விதை மட்டுமே தின்னும் பறவைகளுக்கு உப்பும், இரைப்பையில் விதையை அரைக்க மணலும் தேவை. பனி உருகவும் வண்டி வழுக்காமல் இருக்கவும் நெடுஞ்சாலையில் உப்பும் மணலும்தான் போடுகிறார்கள். அதனால் காலையில் கிராஸ்பில்களும் சிஸ்கின் என்ற இன்னொரு வகை ஃபிஞ்ச்களும் சாலையிலேயே கூட்டமாக இறங்கிக் கொத்திக்கொண்டிருக்கும். வேகமாக வரும் வண்டியில் ஒரே அடியில் பல குருவிகள் சாகின்றன. அடிபட்ட கூட்டத்தில் மிஞ்சியவை உடனே அதே இடத்துக்குத் திரும்பி வருவதைப் பார்க்க நெஞ்சு பொறுக்காது. பூங்காவுக்குள் வேகத்தைக் குறையுங்கள். சாலையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு இன்னும் மெதுவாகப் போங்கள்.

எல்லாரும் விதையைத் துரத்திக்கொண்டு அலைவதில்லை. பதுக்கி வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பவரும் உண்டு. கனடா ஜே அந்த ரகம். காக்கைக் குடும்பத்துப் பறவை. மைனாவைவிடப் பெரிது, சாம்பல் நிறம், பஞ்சு போல உப்பிய உடம்பு. சத்தமில்லாமல் மிதந்து வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து மனிதரை உற்றுப் பார்க்கும். பல காலம் கிரே ஜே என்று அழைக்கப்பட்டு, 2018இல்தான் பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பக் கிடைத்தது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைத்ததையெல்லாம், பூச்சி, பழம், காளான், செத்த விலங்கின் இறைச்சித் துணுக்கு என்று, பசையுள்ள தன் எச்சிலில் உருட்டி, பட்டை இடுக்கிலும் மரப்பாசிக்கு அடியிலும் ஒட்டிவைக்கும். ஆயிரக்கணக்கான இடங்களில். பிறகு அவற்றை நினைவில் வைத்துத் தேடி எடுக்கும்.

இந்தக் களஞ்சியத்துக்குக் குளிர்தான் காவல். உறைபனி நிலையாக இருந்தால் இறைச்சி கெடாது. ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் பட்டையில் வைத்தது இலையுதிர் மரத்தில் வைத்ததைவிட நன்றாகத் தாங்கும் என்றும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அல்கான்குவினில் 1960களிலிருந்து இந்தப் பறவையின் கால்களில் வண்ண வளையம் மாட்டித் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். உலகிலேயே நெடுங்காலம் நடக்கும் பறவை ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அதன் வழியே தெரியவந்த செய்தி கவலை தருவது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஆய்வுப் பகுதியில் ஜேக்களின் எண்ணிக்கை 1970களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இலையுதிர் காலம் வெதுவெதுப்பாவதும், உறைவதும் உருகுவதுமாக வானிலை மாறி மாறி அடிப்பதும் பதுக்கிய உணவைக் கெடுக்கின்றன என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். குளிர் குறைந்ததால் வடகாட்டுப் பறவை ஒன்று பட்டினி கிடக்கிறது என்பதை முதல் தடவை கேட்டபோது எனக்கு நம்பக் கடினமாக இருந்தது. சாப்பாடுதான் எல்லாம் என்று யோசித்தால் கணக்கு சரியாக வருகிறது.

ஜேயைப் பார்க்க ஓபியோங்கோ சாலை நல்ல இடம். குளிர்காலத்தில் ஓரிடத்தில் கேட் போட்டு மூடியிருப்பார்கள். அங்கே காரை விட்டுவிட்டு நடக்க வேண்டும். அதே சாலையில் கருமுதுகு மரங்கொத்தியும் கிடைக்கலாம். செத்த ஊசியிலை மரத்தில் பட்டை புதிதாக உரிந்து, உள்மரம் வெளிறித் தெரிந்தால், நின்று மெல்லிய தட்டும் ஓசைக்குக் காது கொடுங்கள். ஸ்ப்ரூஸ் கௌதாரியும் அங்கே உண்டு. குளிர்காலம் முழுக்க ஊசியிலைகளையே தின்று வாழும் அது, அசையாமல் உட்கார்ந்திருப்பதால் கண்ணுக்கு நேரே இருந்தும் தப்பிவிடும்.

கையோடு கொண்டுபோவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடியுள்ள பைனாகுலர் காட்டுக்குப் பொருத்தம். குளிரில் அதன் மேல் மூச்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படிந்த ஈரம் அப்படியே உறைந்துவிடும். கைப்பேசியை உள்சட்டைப் பையில் வைக்காவிட்டால் மின்கலம் சீக்கிரம் படுத்துவிடும். உடுப்பை நடப்பதற்குத் தக்கபடி இல்லாமல் நிற்பதற்குத் தக்கபடி எடுங்கள், ஏனென்றால் பெரும்பாலான நேரம் நிற்கத்தான் போகிறீர்கள். பருத்தி வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது. பாதைகளில் இறங்க வண்டிக்கு அன்றைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். வந்து தேடி ஏமாறும் ஒவ்வொரு நிமிடமும் அதன் இரவுக்கான கொழுப்பிலிருந்து கழிகிறது.

காலையில் நடந்து குளிர்ந்துவிட்டால் பார்வையாளர் மையத்துக்குப் போய்விடுங்கள். அங்கே வைத்திருக்கும் தீனித் தட்டுகளுக்கு ஈவினிங் குரோஸ்பீக் என்ற ஃபிஞ்ச் வரும் ஆண்டுகளில், கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கதகதப்பாக நின்றுகொண்டே பார்க்கலாம். தடித்த வெளிர் அலகு, மஞ்சள் புருவம். ஜே ஏதாவது வளையத்தோடு கண்ணில் பட்டிருந்தால், இடக்கால் வலக்கால் வாரியாக, மேலிருந்து கீழாக, வளைய நிறங்களைக் குறித்துவந்து அங்கே சொல்லுங்கள்.

பிப்ரவரி கடைசியில் போக முடிந்தால் ஜேயை இன்னும் உன்னிப்பாகக் கவனியுங்கள். அப்போதும் முழங்கால் அளவு பனி இருக்கும், இரவில் மைனஸ் 20க்கும் கீழே இறங்கும். ஆனால் வாயில் மரப்பாசியையோ ஒரு சிறு இறகையோ கவ்விக்கொண்டு அது ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால், கூடு கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பின்தொடராமல் நின்ற இடத்திலிருந்தே பாருங்கள். மார்ச்சில் பெண் ஜே முட்டையின் மேல் அமர்ந்திருக்கும்போது அதன் முதுகில் பனி விழும்.